முற்றத்தில் அப்பா எழுப்பிய சுவர்

என் அப்பா கட்டியவற்றில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. அதுவும் எங்கள் வீட்டுக்குள்ளேயே விழுந்தது.

மற்றவையெல்லாம் இன்றைக்கும் நிற்கின்றன. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற சாலையில் இருக்கும் பழைய பங்களாக்களில் எது அப்பா கட்டியது, எது மற்றவர்கள் கட்டியது என்று வண்டியில் போகும்போதே நான் சொல்லிவிடுவேன். மாதக்கணக்கில் சாரலில் நனைகிற ஊர் அது. சுவரில் பாசி படரும், ஓட்டிடுக்கில் புல் முளைக்கும், கதவு ஊதிப்போய் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி எதுவும் ஆகாமல் ஒரு வீடு காய்ந்த முகத்தோடு நின்றால் அது அப்பா கட்டியதுதான். மகள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மகளாக இருப்பதால் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

தென்காசியில் அப்பாவைப் 'பங்களாக்காரர்' என்று சொல்வார்கள். எங்களுக்குப் பங்களா கிடையாது. மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுத்ததால் வந்த பெயர். நான் சொல்லும் காலம் இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பணக்காரர்கள் குற்றாலத்தில் இடம் வாங்கிப் போட்டு, சீசனுக்கு வந்து தங்க வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா காலையில் குதிரைவண்டியில் குற்றாலம் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவார். வேலை நடக்கிற இடத்திலேயே தங்கச் சொல்லி முதலாளிகள் வற்புறுத்துவார்கள். "பிள்ளைய காத்துக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவார்.

பிள்ளைகள் என்றால் நானும் அண்ணனும் மட்டுமல்ல. சித்தப்பாவின் பிள்ளைகளும் சேர்த்திதான். சீசன் சமயத்தில் அப்பா வருவதற்கு முன்னால் மங்குஸ்தான் பழத்தின் வாசனை வண்டியிலிருந்து இறங்கும். நடுக்கூடமான பட்டாசாலையில் எங்கள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, அவரே பழத்தை உடைத்துப் பங்கு வைப்பார். வெளியாள் யாராவது அந்த நேரம் வந்து பார்த்தால் எந்தப் பிள்ளை யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் மிஞ்சுகிற பழம் சித்தப்பாவுக்கு. "அவன் சின்னப்பிள்ள" என்பார் அப்பா. சின்னப்பிள்ளைக்கு அப்போது மூன்று பிள்ளைகள்.

தாத்தா இறந்தபோது சித்தப்பா நடை பழகுகிற குழந்தையாம். அவரைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டுதான் அப்பா செங்கல் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் அலைந்தாராம். வளர்ந்ததும் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் அவருக்கு ஒரு மரக்கடை வைத்துக் கொடுத்தார். செங்கோட்டை, புளியறைப் பக்கத்து மலைகளிலிருந்து வண்டியில் மரம் வரும். அப்பா கட்டுகிற வீட்டுக்கெல்லாம் சித்தப்பா கடை மரம்தான். அண்ணன் சுவர், தம்பி மரம் என்று ஊரில் சொல்வார்கள்.

வேலையில் மட்டும் அப்பா வேறு ஆள். வீட்டில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர், கட்டட வேலையில் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். ஒருமுறை கொத்தனார் ஒருவர் சுண்ணாம்பைக் குறைத்துப் பூசிவிட்டார் என்று, தோள் உயரம் எழும்பியிருந்த சுவரைக் கடப்பாரையால் இடிக்கச் சொல்லிவிட்டார். வீட்டுக்கார முதலாளியே, "நல்லாத்தானேய்யா இருக்கு, போகட்டும்" என்று கெஞ்சினாராம். "நீங்க சீசன் முடிஞ்சா ஊருக்குப் போயிருவிய. நான் தெனமும் இந்த வழியாத்தான போணும்?" என்றாராம் அப்பா.

அந்தக் குணம்தான் ஒரு பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது.

மில் முதலாளி ஒருவருக்கு அப்பா ஐந்தருவிச் சாலையில் பெரிய பங்களா ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். சுவர் முடிந்து மச்சுக்கு உத்தரம் ஏற்றுகிற சமயம். முதலாளி தன் சினேகிதர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வேலையைப் பார்க்க வந்திருந்தார். சித்தப்பா வேங்கை உத்தரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே கூட வந்தார். அப்பா ஒரு கட்டையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். அறுத்த முகத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"ஏலே, இது பச்ச மரம். ரெண்டு சாரலுக்கு முறுக்கிக்கிடும். வண்டியத் திருப்பு."

"நல்லாக் காஞ்சதுன்னுதான் புளியறைக்காரன் சொன்னான், அண்ணே."

"அவன் சொல்லுவான். ஒனக்கு மூக்கு இல்லியா?"

முதலாளியோடு வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். தம்பி கடை மரத்தின் லட்சணமே இதுவென்றால், என்று ஏதோ சொன்னாராம். சித்தப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இலையில் உட்கார்ந்தார்.

அந்தப் பேச்சு அடுக்களைக்குள் நுழைந்தது. அம்மாவும் சித்தியும் அதுவரை சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. போட்டுப் பழக்கம் இல்லாததால், ஆரம்பித்த பிறகு எங்கே நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை. தகவல் எட்டி, வீரகேரளம்புதூரிலிருந்து அத்தை சமாதானம் பேச வந்தாள். வந்த அன்று சித்தியிடம் அம்மா சொன்னதையும், மறுநாள் அம்மாவிடம் சித்தி சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். அவள் ஊருக்குத் திரும்பும்போது எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் சித்தப்பா வந்து அப்பா முன்னால் நின்றார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பாகத்தப் பிரிச்சிருவோம் அண்ணே. முத்தத்துல நடுவ ஒரு சுவரு எழுப்பிருங்க. அங்கிட்டு நீங்க, இங்கிட்டு நாங்க. பிள்ளைகளுக்கும் அதான் நல்லது."

அப்பா முற்றத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் அளந்தார்.

"சரிலே. எழுப்பிருவோம்" என்றார்.

எழுப்பவில்லை. முதலில் நாள் நன்றாக இல்லை என்றார். நல்ல நாள் வந்தபோது செங்கல் சரியாக வேகவில்லை என்றார். செங்கல் வெந்து வந்து புறவாசலில் அடுக்கிய பிறகு, குற்றாலத்தில் வேலை நெருக்குகிறது, ஆள் இல்லை என்றார். ஊரில் பாதிக் கொத்தனார்கள் அவரிடம் வேலை பார்த்தார்கள். சித்திரை முழுவதும் இப்படியே போயிற்று. எனக்கு இதில் பெரிய சந்தோஷம். சித்தப்பா மகள் எனக்கு மூத்தவள், ஆனால் சில மாதங்கள்தான். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரி, பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்காருகிறவர்கள் நாங்கள். சுவர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் யார் எந்தப் பக்கம் என்றுதான் எங்களுக்கு முதலில் சந்தேகம் வந்தது.

வைகாசியில் சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒங்களுக்கு முடியலன்னா விடுங்க. நான் கடையநல்லூர்ல இருந்து ஒரு கொத்தனாரக் கூட்டியாந்து எழுப்பிக்கிடுதேன்."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "என் வீட்டுக்குள்ள வேற ஒருத்தன் கரண்டி வைக்கவா? நாளைக்கு நானே ஆரம்பிச்சிருதேன்" என்றார்.

தொழில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். கொத்தனாரையும் கூப்பிடவில்லை, சித்தாளையும் கூப்பிடவில்லை. அவர் கையில் கரண்டியைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. குற்றாலத்தில் அவர் நின்று சொல்கிறவர்தானே. அழகாகத்தான் அடுக்கினார். ஆனால் அஸ்திவாரத்துக்கு இடுப்பளவு இறங்கித் தோண்டச் சொல்கிற மனிதர், அன்று தரையை மண்வெட்டியால் சும்மா கீறிவிட்டுச் செங்கலை வைக்க ஆரம்பித்தார். சுண்ணாம்பும் இல்லை. புறவாசல் தொட்டியில் ஊறின சுண்ணாம்பு எப்போதும் நிறைந்து கிடக்கும். அதை எட்டிக்கூடப் பார்க்காமல் குளத்து மண்ணைக் குழைத்துச் செங்கலுக்கு நடுவில் அப்பிக்கொண்டே போனார்.

கட்டடக்காரர் வீட்டுப் பெண் என்பதால் எனக்கு அதுகூடத் தெரியாமல் போகாது. "அப்பா, சுண்ணாம்பு போடலியா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள இருக்க சுவத்துக்கு எதுக்குட்டி சுண்ணாம்பு?" என்றார்.

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

சித்தப்பா மகள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அவள் கால் மறைந்தது. பிறகு மடி மறைந்தது. மறுநாள் இருவரும் எழுந்து நின்றுகொண்டோம். அவள் பாவாடை போயிற்று, சட்டை போயிற்று, மோவாய் போயிற்று. கண் மட்டும் தெரிந்தபோது அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அடுத்த செங்கலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வைத்துவிட்டார்.

சுவர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி முடிந்த அன்று சித்தப்பா தன் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார். செங்கலிடுக்கிலிருந்து கொஞ்சம் மண்ணை விரலால் சுரண்டி எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். அப்பா கரண்டியைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"எப்படிலே இருக்கு?"

சித்தப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுவருக்கு மேலே மழைக்கு ஓடு பதிக்க வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருந்தார். ஈரம் காயாத பச்சைச் சுவர், பிள்ளைகள் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அம்மியையும் தண்ணீர்த் தொட்டியையும் தள்ளி வைத்தார். சுவருக்கு நாலு முழம் இப்பால் முள் கட்டி அடைப்பு வைத்தார். என்ன பொருத்தமோ, சித்தப்பாவும் அவர் பக்கத்தில் சுவரைவிட்டுத் தள்ளிப் பலகைகளை வரிசையாக அடுக்கி அடைத்துவிட்டார். சுவர் பக்கம் வந்து நானும் சித்தப்பா மகளும் பேசிவிடக் கூடாது என்றுதான் இரண்டு பேரும் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரே கோபம்.

பெரியவர்கள் இப்படிச் செய்தால் நாங்கள் சும்மா இருப்போமா? கோயில் பக்கத்தில் தேரடி இருந்தது. பிளந்து மொட்டையாக நின்ற கோபுரத்தின் நிழல் மத்தியானத்தில் அங்கேதான் விழும். அம்மாவிடம் நான் புறவாசலுக்குப் போகிறேன் என்பேன், சித்தியிடம் அவளும் அதையே சொல்வாள். அடைப்பு முடிகிற சுவரின் கடைசியில், ஆளுக்கொரு பக்கமாக, சுவரை ஒட்டி ஓடிப் புறவாசல் கதவு வழியே சந்துக்குள் இறங்கித் தேரடிக்கு ஓடிவிடுவோம். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் உட்கார்ந்து, இந்த வீட்டில் என்ன குழம்பு, அந்த வீட்டில் என்ன குழம்பு என்று பேசிக்கொள்வோம். பெரும்பாலும் இரண்டு வீட்டிலும் ஒரே குழம்புதான் இருக்கும்.

அப்பா முன்போலவே விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். முன்போலவே பழத்தைப் பங்கு வைத்தார். பாதியைத் துண்டில் முடிந்து, தெரு வழியாகச் சுற்றிப் போய் சித்தப்பா வீட்டு நடையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மறுநாள் அந்தத் துண்டு துவைத்து மடித்து எங்கள் நடையில் இருக்கும்.

ஆனி பிறந்ததும் காற்று திரும்பியது. மலையில் மேகம் இறங்கி, தென்காசித் தெருவெல்லாம் மாவு சலித்த மாதிரி சாரல் விழுந்தது. வெயிலும் அடிக்கும், சாரலும் விழும், இரண்டும் ஒன்றையொன்று பொருட்படுத்தாது. ஊரே குளிர்ந்து சந்தோஷமாக இருந்தபோது எங்கள் முற்றத்துச் சுவர் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. செங்கலிடுக்கிலிருந்து மண் கரைந்து காப்பி நிறத்தில் கோடு கோடாக வழிந்தது. அப்பா காலையில் வண்டி ஏறுமுன் அதை ஒரு பார்வை பார்ப்பார். ஓலை போட்டு மூடலாமே என்று அம்மா சொன்னாள். "இந்தச் சாரலுக்கு என்ன ஆகிரப் போவுது?" என்றார்.

அது விழுந்தபோது நான் வீட்டில் இல்லை.

அன்று காலையிலிருந்தே சாரல் மழையாக மாறி அடித்துக்கொண்டிருந்தது. நானும் சித்தப்பா மகளும் வழக்கம்போல ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தேரடிக்குப் போய்விட்டோம். மழை விடாததால் தேருக்கு அடியிலேயே ஒண்டிக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டோம். வீட்டில் நடந்ததை அம்மாவும் சித்தியும் பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். இடி மாதிரியெல்லாம் சத்தம் இல்லையாம். ஈரத்துணி மூட்டையைத் தூக்கிப் போட்டாற்போல் ஒரு சத்தம். புறவாசல் பக்கத்துப் பாதிச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். சித்தியும் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். நடுவில் சுவர் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புறவாசலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள் ஞாபகம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

"ஒம் மவ எங்கட்டி?" என்று கத்தியது அம்மா.

"அக்கா, ஒங்க பிள்ள இங்கனதான வந்தா?" என்று கத்தியது சித்தி.

முள் அடைப்பைக் கையாலேயே பிய்த்து எறிந்துவிட்டு இரண்டு பேரும் மண்ணைத் தோண்டினார்கள். ஆள் ஓடிப்போய்ச் சொல்லி மரக்கடையிலிருந்து சித்தப்பா வந்தார். அந்த நேரம் பார்த்து, மழையால் வேலை நின்றுபோனதால், அப்பாவும் வந்து வண்டியிலிருந்து இறங்கினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது கண்ட காட்சியை இப்போதும் கண்ணை மூடாமலே பார்க்க முடிகிறது. கொட்டுகிற மழையில் நாலு பேரும் மண்டியிட்டு, முழங்கை வரை சேறாக, செங்கற்களைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் தலைமுடி அவிழ்ந்து சேற்றில் புரண்டது. சித்தியின் வளையல்கள் உடைந்து மணிக்கட்டில் ரத்தம். அப்பாவின் விரல் நுனியெல்லாம் கிழிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டு, வாயில் புளியங்காயோடு, நடையில் நின்றோம்.

சித்தப்பா மகள்தான் கேட்டாள். "என்ன பெரியம்மா தேடுதிய?"

அம்மா நிமிர்ந்தாள். எழுந்து ஓடி வந்து அவளைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். சித்தி என்னைத் தூக்கிக்கொண்டு, முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு, பிறகு ஓவென்று அழுதாள். அடிக்கிற கையும் அணைக்கிற கையும் எந்தப் பிள்ளை தன்னுடையது என்று பார்க்கவில்லை.

அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. செங்கல் குவியலின் மேல், சேற்றில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதுவரை அப்பா அழுது நான் பார்த்ததில்லை. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் ஆவல அண்ணே. ஒண்ணும் ஆவலல்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா அவர் காதோடு ஏதோ சொன்னார்.

தான் கட்டிய சுவர் விழுந்துவிட்டதே என்று அப்பா அழுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சித்தியின் கையிலிருந்து இறங்கி அவரிடம் போனேன்.

"அழாதீங்கப்பா. இதவிட நல்லதா வேற சுவரு கட்டிக்கிடலாம்" என்று தேற்றினேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழையில் கண்ணீரும் சேர்ந்து ஓட, நிறுத்த முடியாமல் சிரித்தார். துக்க வீட்டில் சிரிக்கிற மனிதரைப் பார்ப்பது போல அவரை நான் முறைத்தேன்.

அன்று எல்லாரும் ஒரே இடத்தில் சாப்பிட்டோம். நனைந்த விறகு எரியாததால் ஒரு அடுப்புதான் மூட்ட முடிந்தது என்று அம்மா காரணம் சொன்னாள். மறுநாள் விறகு காய்ந்திருந்தது. காரணம் கேட்க யாரும் இல்லை.

சில நாள் கழித்து அப்பா, "சுவத்த என்னலே செய்ய? திருப்பி எழுப்பணுமா?" என்று கேட்டார். "மழ விடட்டும் அண்ணே" என்றார் சித்தப்பா. மழை விட்டது. ஆவணியில் நாள் நன்றாக இல்லை. ஐப்பசியில் மறுபடி மழை. தையில் சித்தப்பாவே செங்கலைப் பார்த்துவிட்டு, சரியாக வேகவில்லை என்று சொல்லிவிட்டார். மிச்சம் நின்ற பாதியையும் இடித்து, அந்தச் செங்கலில் புறவாசலில் கன்றுக்குட்டிக்கு ஒரு கொட்டகை எழுந்தது. அதற்குச் சுண்ணாம்பு போட்டுத்தான் கட்டினார் அப்பா.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. பங்களாக்காரர் வீட்டுச் சுவரே சாரலுக்குக் கரைந்துவிட்டதாம் என்று சந்தையில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், "ஒங்கப்பா மாவுல சுவரு கட்டுவாராமே?" என்று கேட்டு என்னை அழ வைத்தாள். அந்த மில் முதலாளி பாதியில் நின்ற பங்களாவை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். விரல் அகலக் கோணலுக்காக எஞ்சினியரோடு மல்லுக்கு நிற்கிற அப்பா, இதற்கெல்லாம் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "மண்ணு சரியில்ல" என்பார். காப்பிக் கடையில் யாரோ கேலி பேசியபோது சித்தப்பாதான் சட்டையைப் பிடித்துவிட்டாராம். "எங்க அண்ணன் கட்டின சுவத்தப் பத்தி ஒனக்கு என்னலே தெரியும்?" என்று கேட்டாராம்.

நான் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "ஏம்ப்பா அன்னைக்குச் சுண்ணாம்பு போடல?"

"மறந்துட்டேன்ட்டி" என்றார்.

ஒன்றையும் மறக்காத அப்பா இதை எப்படி மறந்தார் என்று எனக்கு வெகுநாள் வருத்தம். அடுத்த சீசனில் மச்சு ஒழுகுகிறது என்று அதே மில் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அந்த வருத்தம் கொஞ்சம் ஆறியது. அப்பா போய்ப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். உத்தரங்கள் சித்தப்பா கடையிலிருந்துதான் போயின. தட்டிப் பார்க்காமல் ஏற்றினார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். தட்டித்தான் பார்த்தார். ஆனால் முதலாளி வருவதற்கு முன்பே, மரக்கடையில் வைத்தே தட்டிப் பார்த்துவிட்டார்.

அப்பா நிறைவாக வாழ்ந்து, பேரப் பிள்ளைகளுக்கெல்லாம் மங்குஸ்தான் பங்கு வைத்துவிட்டுத்தான் போனார். அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் எல்லாரும் அந்த வீட்டில் கூடியிருந்தோம். எனக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட சமயம். சித்தப்பா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு அப்பா கட்டிய வீடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, விழுந்த அந்தச் சுவரில் நின்றது. அப்பா எப்படி மறந்தார் என்று நான் பழைய குறையைச் சொன்னேன்.

"மறக்கவா? ஒங்கப்பனா?" என்றார் சித்தப்பா. "விழுததுக்குன்னே கட்டின சுவருல்லா அது. மண்ண விரல்ல எடுத்துத் தேச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதாம் பிள்ளைய பக்கத்துல வராம நானும் பலக அடுக்கினேன்."

அவரே மேலே பேசினார்.

"அன்னைக்குச் சேத்துல உக்காந்துகிட்டு அண்ணன் என் காதுல என்ன சொன்னாரு தெரியுமா? 'சுவத்துக்குத்தாம்லே கணக்குப் போட்டேன், பிள்ளைய ஓட்டத்துக்குப் போடலியே'ன்னாரு. அந்த ஒரு நிமிஷத்துல அவரு பாதி உசுரு போயிட்டு. அந்த நேரம் பாத்து நீ வந்து வேற சுவரு கட்டிக்கிடலாம்ங்கிறே!"

மறுபடியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் சித்தப்பா சும்மா இருந்தீங்க? அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"நல்லாருக்கே! சொன்னா வேற கொத்தனாரக் கூப்பிடணும்லாட்டி."

சுவர் எழும்பியபோது நான் அங்கேதான் இருந்தேன். அப்பா மண் குழைத்தது, சித்தப்பா அதை விரலால் தேய்த்துப் பார்த்தது, இந்தப் பக்கம் முள் வைத்தது, அந்தப் பக்கம் பலகை அடுக்கியது எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். அந்த நாட்களில் அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.